எந்தக் கடன் முதலில்?

போன ஐப்பசி மழையில் ஒரு மாலை நேரம், சித்தேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். நர்சிங் படித்துவிட்டு ஓசூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஈரமான பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் மூன்று கடன்கள் வரிசையாக எழுதியிருந்தன.

வங்கியில் கல்விக்கடன் 3 லட்சம், வட்டி 11 சதவீதம். அதே கிளையில் அம்மாவின் நகைமேல் 60,000, வட்டி 9 சதவீதம். தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரூரில் ஒருவரிடம் வாங்கியது 40,000, மூணு வட்டி. சம்பளத்தில் மாதம் 9,000 ரூபாய் கடனுக்கென்று ஒதுக்க முடியும் என்றாள்.

"எதை சார் முதல்ல அடைக்கிறது?"

நான் கூட்டுறவுத் துறையில் முப்பத்து நாலு வருடம் பேரேடு புரட்டியவன். இதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். "ரெண்டு நாள் கழிச்சு வா கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். கணக்கு தெரியாமல் இல்லை. இதே கேள்விக்கு ஒருமுறை, கேட்டவர் சொன்னதைக் காதில் வாங்காமல், நானே முடிவு செய்து பேனாவை ஓட்டியிருக்கிறேன். அது ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதைக்கு வருமுன் இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இதற்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்து நிலம் அளந்து தீர்வை போட்டார்கள். 1799 வரை மன்றோ இந்தச் சீமையில்தான் இருந்தார். பின்னாளில் சென்னை மாகாணத்துக்கே பொதுவான ரயத்துவாரி முறைக்கு வித்து விழுந்தது இங்கேதான். குடியானவன் இடையில் ஆள் இல்லாமல் நேரே சர்க்காருக்குக் கட்டலாம் என்பது அதில் நல்ல அம்சம். ஆனால் தவணை தப்பாமல் பணமாகக் கட்ட வேண்டும்.

கிஸ்திக்கு ஒரு தேதி. கேழ்வரகும் சாமையும் விற்றுக் காசாவதற்கு வேறு ஒரு தேதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வட்டிக்காரர் கடை போட்டார். 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் நிலத்தையும் அதன் விளைச்சலையும் தீர்வைக்கு ஈடாக ஆக்கிவிட்டது. ஆக, முதல் கடன் எது என்று குடியானவன் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சர்க்கார் முதலில். அதைக் கட்டுவதற்குக் கடன் கொடுத்த வியாபாரி அடுத்து. வீட்டுக்கு என்பது மிச்சம் இருந்தால்தான்.

மலைமேல் இருந்த மலையாளி மக்களுக்கும் இதில் விலக்கு இல்லை. புளியும் கடுக்காயும் தேனும் கடைசியில் அடிவாரச் சந்தைக்குத்தான் இறங்கின. உப்பும் துணியும் அங்கிருந்துதான் ஏறின. உப்புக்கும் துணிக்கும் முன்பணம் கொடுத்தவரே புளிக்கு விலையும் சொன்னார். அப்படிப்பட்டவரின் கடனை முதலில் தீர்ப்பது வட்டிக் கணக்குப் பார்த்துச் செய்த காரியம் அல்ல. அடுத்த மழைக்காலத்துக்கு உப்பு வேண்டுமே!

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகள் உண்டு. ஒருவரிடமே பல கடன் வைத்திருக்கும் ஆள் பணம் கட்டும்போது அது எந்தக் கடனுக்குப் போக வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. கட்டுகிறவன் "இது இந்தக் கடனுக்கு" என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொள்கிறவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். இது 59. கட்டுகிறவன் எதுவும் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து எதுவும் புரியாமலும் இருந்தால், கடன் கொடுத்தவர் தன் இஷ்டப்படி வரவு வைத்துக்கொள்ளலாம். இது 60. இரண்டு பேருமே குறிப்பிடாவிட்டால் பழைய கடனுக்கு முதலில், புதிய கடனுக்குப் பிறகு. இது 61.

கவனியுங்கள், முதல் உரிமை கடன்பட்டவனுக்கு. வாயைத் திறந்து சொன்னால் போதும், சட்டம் அவன் பக்கம். வாயைத் திறக்காவிட்டால் பேனா வைத்திருப்பவர் பக்கம். 150 வருடத்துக்கு மேலாக இது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எந்த மலையில் எந்தச் சந்தையில் யார் இதை எடுத்துச் சொன்னார்கள்?

வட்டிக்காரர் பிடியிலிருந்து குடியானவனை மீட்க வழி தேடி, பிரெடரிக் நிக்கல்சன் 1895இல் சென்னை மாகாண அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் நடத்திக் காட்டியதைப் போன்ற கிராமக் கடன் சங்கங்கள் வேண்டும் என்றார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து 1951-52இல் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு எடுத்தபோது, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். வட்டிக்கு விடுவோரின் பங்கு 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இடையில் 1938இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பெரிய காரியம் செய்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலுக்கு இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. வட்டிக்குப் போன பணமும் அந்த இரண்டு பங்கில் சேரும். பத்திரம் இருந்தவனும், கட்டியதற்கு அத்தாட்சி வைத்திருந்தவனும், கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவனும் பிழைத்தார்கள். வாய்க்கணக்கில் வாங்கி, புளி மூட்டையாகக் கட்டியவனுக்கு ரசீது ஏது?

சிலர் கடனைத் தங்கள் உடம்பாலேயே கட்டினார்கள். பண்ணையாள் என்று பெயர். அந்தக் கடனுக்கு மட்டும் தவணையும் கிடையாது, முடிவும் கிடையாது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும், 1976இல் முழுச் சட்டமாகவும் வந்த கொத்தடிமை ஒழிப்பு, அப்படிப்பட்ட கடன் அத்தனையும் செல்லாது என்றது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1978, 1980, 1982 என்று கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. அவை தனியாரிடம் ஏழைகள் பட்ட கடனுக்கு. அரசுக்கும் வங்கிக்கும் கூட்டுறவுக்கும் கட்ட வேண்டியது அப்படியே நின்றது.

இனி என் கதை.

1980ஆம் ஆண்டு பங்குனி மாதம். மலையடிவாரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தர். சங்கத்தின் பெயர் வேண்டாம். தவறு என்னுடையது. மார்ச் 31 நெருங்கினால் சங்கத்தில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்ததுபோல இருக்கும். பயிர்க்கடன் வசூல் சதவீதம் குறைந்தால் மேலே இருந்து கேள்வி வரும், அடுத்த வருடத்துக்குப் பணமும் வராது.

மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சங்கத்தில் அவருக்கு மூன்று கடன்: பயிர்க்கடன், ஆடு வாங்கிய கடன், மனைவியின் தோட்டை ஈடு வைத்த நகைக்கடன். நகைக்கடன் அசலும் வட்டியும் சேர்ந்து 290 ரூபாய். புளி விற்ற காசு 180 ரூபாயை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இது தோட்டுக்கு. மீதியை ஐப்பசியில தர்றேன். தோட்டு மேலேயே போடுங்க."

"சரி" என்றேன். பயிர்க்கடனுக்கு வரவு வைத்தேன். ரசீதும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டு போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும்.

ஆவணியில் தவணை தவறிய நகைகளை ஏலம் விட்டார்கள். நோட்டீஸ் தபாலில் போனதாகப் பதிவேட்டில் இருந்தது. ஐப்பசியில் அவர் வந்தார், சொன்னபடி 110 ரூபாயோடு. மனைவியும் கூட வந்திருந்தார். தோட்டை அங்கேயே போட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தவர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மடித்த ரசீதை எடுத்து விரித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னேனே ஐயா" என்றார், அவ்வளவுதான். அந்த அம்மாள் வெறும் காதைத் தொட்டபடி நின்றார். அந்த வருடம் எங்கள் வசூல் சதவீதம் நன்றாக இருந்தது என்று பாராட்டு வந்தது.

ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவை நான் படித்தது அதற்கு ஆறு வருடம் கழித்து, பதவி உயர்வுத் தேர்வுக்காக. வாயால் சொன்னாலே போதும் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் சட்டப்படிதான் நடந்துகொண்டார். சட்டம் மீறியது நான்.

கதையின் வால் இன்னும் கசப்பு. 1990இல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான விவசாய, கிராமியக் கடன் பாக்கிகளைத் தள்ளுபடி செய்தது. அவருடைய ஆட்டுக்கடன் பாக்கி அதில் போயிற்று. நான் தோட்டுக் காசை எடுத்து அடைத்தேனே, அந்தப் பயிர்க்கடன் அன்றைக்குப் பாக்கியாக நின்றிருந்தால் அதுவும் போயிருக்கும். தள்ளுபடிப் பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன். அவர் பெயரை நானே எழுதினேன்.

1990க்குப் பிறகு கடன் வரிசையே மாறிப்போனது. 2006இல் மாநில அரசு ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2008இல் மத்திய அரசு. 2016 மே மாதம் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி. அதே ஆண்டு கூட்டுறவில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன். கஷ்டப்பட்டவர்களுக்கு இவை பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தள்ளுபடியிலும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் ஒழுங்காகக் கட்டி முடித்தவனுக்கு ஒன்றும் இல்லை. ஊர் ஒரு பாடம் கற்றுக்கொண்டது: வட்டிக்காரருக்கு முதலில் கட்டு, சங்கத்துக்குக் கடைசியில் கட்டு, முடிந்தால் அடுத்த தேர்தல்வரை தள்ளிப்போடு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் பேனாக்கள் செய்ததைப் பார்த்து வந்த புத்தி அது.

இந்தப் பாடம் பொருந்தாத ஒரு கடன் 2001இல் வந்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி கல்விக்கடன். 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க மலையிறங்க வேண்டியிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. நர்சிங், இன்ஜினியரிங் என்று பலர் படித்தார்கள்.

படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதனால் கடனே இல்லாததுபோல் தோன்றும். ஆனால் வட்டி தூங்குவதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருடம் ஒரு லட்சமாக நாலு வருடத்தில் 4 லட்சம், வட்டி 11 சதவீதம், தனி வட்டிதான். நாலு வருடப் படிப்பில் 1,10,000. அதற்குப் பின் ஒரு வருடத்துக்கு 44,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,54,000. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாக இருந்தால் இந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருந்தது. அதற்கு வருமானச் சான்றைக் காலத்தில் வங்கியில் கொடுக்க வேண்டும். அதைச் சொல்ல ஆள் இல்லாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

விவசாயக் கடனைப்போல இதற்கும் தள்ளுபடி வரும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. 2014 இடைக்கால பட்ஜெட்டில் 2009 மார்ச் வரை வாங்கிய கடனுக்குப் பழைய வட்டியில் சலுகை வந்தது. அசலுக்கு வரவில்லை. 90 நாள் தவணை தவறினால் வாராக்கடன் பட்டியல். கூட்டுக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கடன் தகவல் ஏட்டில் ஏறும். பிறகு அவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பதும் சிரமம்.

சரி, இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். அவள் மனதில் ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. "பெரிய கடன் சார் அது. என் பேர்ல இருக்கு. அதைத்தான் முதல்ல முடிக்கணும்" என்று கல்விக்கடனைக் காட்டினாள். அவள் சொன்னதில் மானம் இருந்தது. அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைக் காட்டினேன்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். 40,000க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. கையில் மிஞ்சும் ஓர் ஆயிரத்தைக் கல்விக்கடனில் போட்டால் வருடத்துக்கு 110 ரூபாய் வட்டி மிச்சம். அதே ஆயிரத்தை அரூர்க் கடனில் போட்டால் 360 மிச்சம். சின்னக் கடன்தான் வீட்டை அதிகம் தின்கிறது.

அதற்காகக் கல்விக்கடன் தவணையை நிறுத்தவும் கூடாது. பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 4,130. நகை இருப்பதும் அதே கிளையில். ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கிக்குத் தன்னிடம் உள்ள பொருளை மற்ற பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை கொடுக்கிறது. நகைக்கடன் படிவத்திலும் பெரும்பாலும் அப்படி ஒரு வரி இருக்கும். நகைக்கடனை முழுவதும் கட்டினாலும், கல்விக்கடன் பாக்கியைக் காட்டி நகையைத் தராமல் இழுக்க இடம் உண்டு.

ஆகவே வரிசை இப்படி அமைந்தது. மாதம் பிறந்ததும் கல்விக்கடன் தவணை 4,130, தவறாமல். நகைக்கு வட்டி 450, தனியே எடுத்து வைத்து, வருடம் முடியுமுன் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மிச்சம் 4,420 முழுவதும் அரூர்க் கடனுக்கு. கடன் கொடுத்தவர் பத்துப் பத்தாயிரமாக அசலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாராம். அப்படியானால் பன்னிரண்டு மாதத்தில் அது தீரும். பிறகு அதே பணம் நகைக்கு. அம்மாவின் நகை வீட்டுக்கு வந்தபின், மிஞ்சுவதெல்லாம் அவள் பேரில் உள்ள கடனுக்கு.

"அப்போ என் கடன் கடைசியாவா சார்?"

"தவணை முதல்ல கண்ணு. மேல்பணம்தான் கடைசி."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, மூன்று கடன்களுக்கும் பக்கத்தில் அவளே 1, 2, 3 என்று எண் போட்டாள்.

போகுமுன் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து எழுதச் சொன்னேன். கிளை மேலாளருக்கு. நான் கட்டும் தொகையில் இன்னது இன்ன எண்ணுள்ள கல்விக்கடன் கணக்குக்கு, இன்னது இன்ன எண்ணுள்ள நகைக்கடன் கணக்குக்கு வரவு வைக்க வேண்டும் என்று. இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "இதெல்லாம் எதுக்கு சார், செல்போன்லயே கட்டிடலாமே" என்று சிரித்தாள். செல்போனில் கட்டினாலும் கணக்கு எண்ணைப் பார்த்துக் கட்டு, ரசீதைப் படித்துப் பார் என்றேன்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மனைவியும் இல்லை. ஓய்வு பெற்ற வருடம் ஒருமுறை மலைக்குப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியவருக்குக் காது மந்தம். அந்த அம்மாள்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு எனக்குச் சாமைக் களி போட்டார். காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.